வடக்கே தலை

என் கட்டிலைத் திருப்பிப் போட்டவர்கள் எல்லோரும் என்மேல் பிரியமானவர்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேண்டாதவன் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன். வேண்டியவர்கள் செய்தார்கள், அதனால்தான் வயிறு இன்னும் எரிகிறது.

ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் கோபம் எல்லாம் அந்த ஒரு கட்டடத்தின்மேல் போய்விடும். அது எனக்குப் போதாது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், டாக்டர்களுக்குப் பாடம் சொல்ல வரவில்லை. நாளைக்கு உங்கள் வீட்டில் ஒருவர் இரும்புக் கட்டிலில் கிடப்பார். நீங்கள் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்காருவீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

திருவள்ளூரில் பெருமாளைத் தூக்குகிற குடும்பம் எங்களுடையது. உற்சவத்தில் பல்லக்கும் வாகனமும் எங்கள் தோளில்தான் வீதி வரும். இதற்கு உயரம் முக்கியம். தண்டின் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் ஆள் நின்றால்தான் பாரம் சமமாக இறங்கும். ஒருத்தன் அரை விரல் குட்டையாக இருந்தாலும் மொத்தக் கனமும் மற்றவன் கழுத்தில் போய் உட்காரும். அதனால் எங்களை ஜோடி ஜோடியாகத்தான் நிறுத்துவார்கள். எனக்கு ஜோடி, என் மனைவி செங்கமலத்தின் அண்ணன் கோபாலு. காதுக்குக் காது, தோளுக்குத் தோள் மட்டம். அவன் தங்கையை எனக்குக் கட்டிக் கொடுத்ததே என் தோளைப் பார்த்துத்தான் என்று தெருவில் கேலி செய்வார்கள்.

உற்சவம் வருஷம் முழுக்க இல்லை. வயிறு வருஷம் முழுக்க இருக்கிறது. எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வர ஆரம்பித்த சமயம், புதுவாயலில் ஒரு கொட்டகை கட்டுகிற இடத்துக்குக் கூலி வேலைக்குப் போனேன். ஐப்பசி மழை. லாரியிலிருந்து இரும்பு உத்திரத்தை இறக்கும்போது சேற்றில் ஒருத்தன் கால் வழுக்கியது. உத்திரம் என் வலது தொடையின்மேல் சாய்ந்தது. காய்ந்த மூங்கில் முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அது என்னுடைய சத்தம் என்று புரிவதற்குச் சற்று நேரமாயிற்று.

இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்தார்கள், ஒருத்தன் பாதத்தைப் பிடித்தான், மூட்டை போலத் தூக்கி லாரியில் போட்டார்கள். தொடை நடுவில் மடிந்தது. முட்டி இல்லாத இடத்தில் கால் மடிவதை நான் என் கண்ணால் பார்த்தேன். உடைந்த காலின் இரண்டு பக்கமும் பலகை வைத்துக் கட்டி, அசையாமல்தான் தூக்க வேண்டுமாம். பிறகு தெரிந்துகொண்டேன். அந்த லாரியில் பலகைக்கு ஒன்றும் பஞ்சமில்லை. கான்டிராக்டர் என்னைப் பட்டணத்து ஆஸ்பத்திரி வாசலில் இறக்கி, கையில் ஒரு பன்னைக் கொடுத்துவிட்டுப் போனார். அதுதான் அவரை நான் கடைசியாகப் பார்த்தது.

டாக்டர் சின்ன வயசுக்காரர். கூட வந்த மாணவர்களிடம் இங்கிலீஷில் நிறையச் சொன்னார். என்னிடம் ஒரு வரி சொன்னார்.

“தொடை எலும்பு உடைஞ்சிருக்கு. டிராக்‌ஷன் போடணும்.”

“போட்டா நடப்பேனா சார்?”

“பார்க்கலாம்.”

அந்தப் ‘பார்க்கலாம்’ என்னைத் தின்றது. எனக்குப் பயம் பிறவியிலேயே உண்டு. ரயில் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே பிளாட்பாரத்தில் பின்னால் நகர்ந்து நிற்கிறவன் நான். ஓடுகிற மின்விசிறிக்குக் கீழே படுக்கமாட்டேன். அப்படிப்பட்டவனிடம் ‘பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனால் எப்படித் தூக்கம் வரும்? யார் பார்ப்பது? எப்போது பார்ப்பது?

டிராக்‌ஷன் என்றால் என்ன என்று எனக்கு முதலில் யாரும் சொல்லவில்லை. நான் உங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடைச் சதை மிகவும் பலமானது. எலும்பு உடைந்ததும் அந்தச் சதை இழுத்துக்கொள்ளும். உடைந்த இரண்டு முனைகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். அப்படியே விட்டால் ஏறின வாக்கிலேயே ஒட்டி, கால் குட்டையாகிவிடும். அதற்காக முட்டிக்குக் கீழே எலும்பில் குறுக்காக ஒரு கம்பியைச் செலுத்தி, அதில் கயிறு கட்டி, கால்மாட்டில் இருக்கும் கப்பியின் வழியாக இரும்பு எடையைத் தொங்கவிடுவார்கள். அது இரவும் பகலும் காலை இழுத்துக்கொண்டே இருக்கும். ஆள் எடையோடு சேர்ந்து சறுக்கிவிடாமலிருக்கக் கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் கட்டை வைத்து உயர்த்திவிடுவார்கள். தலை பள்ளத்தில், கால் மேட்டில். இப்படியே மாதக்கணக்கில் மல்லாந்து கிடக்க வேண்டும். இவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு டம்ளர் டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஓடிப்போகாமல் இருக்கக் கட்டிவைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கோபாலு அதற்கும் மேலே. “மாட்டுக்குக் கழுத்துல கட்ட கட்டுவாங்களே, அந்த மாரி இது” என்று பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் விளக்கினான்.

வார்டுக்குப் பெரியவர் ஸ்டெல்லா சிஸ்டர். வேலூர்ப் பக்கத்துக்காரர், குரல் பெரியது. காலையில் வந்ததும் என் கால் கட்டை விரலைக் கிள்ளுவார். “தெரியுதா? ஆட்டுங்க பார்க்கலாம்.” விரல் சூடாக இருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பார். ரத்தம் ஒழுங்காக ஓடுகிறதா என்பதற்கு அது அடையாளம். பிறகு என்னை மேலே தொங்குகிற பிடியைப் பிடித்து எம்பச் சொல்லி, முதுகில் ஸ்பிரிட் தடவித் தேய்த்து, பவுடர் போடுவார். ஒரே இடம் நாளெல்லாம் அழுந்திக் கிடந்தால் அங்கே ரத்தம் போகாமல் தோல் செத்துப்போகும். அதுதான் படுக்கைப்புண். எனக்கு இரண்டு கட்டில் தள்ளி ஒருவர் கிடந்தார். அவர் வீட்டார் “ஆட்டினா வலிக்கும், பாவம்” என்று முதுகைத் தொடவே விடமாட்டார்கள். அவருக்குப் புண் எலும்பு வரைக்கும் போயிருந்தது. பாவம் பார்த்தே ஒரு மனிதனை அழுகவிட்டார்கள். அந்த நாற்றத்திலேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும், பாவம் பார்ப்பவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று.

முதுகு தேய்த்து முடித்ததும் சிஸ்டர் கால்மாட்டுக்குப் போய் ஒரு தடவை குனிவார். தலை பள்ளத்தில் கிடந்த எனக்கு அவர் எதைப் பார்க்கிறார் என்று தெரியாது. கீழே ஒழுங்காகப் பெருக்கியிருக்கிறதா என்று பார்க்கிறார் என நினைத்துக்கொண்டேன்.

பெட்பேன் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், வெட்கப்பட்டுப் பயனில்லை. இன்னொருவர் கையால் அதை எடுப்பதா என்று நான் சாப்பாட்டையே பாதியாகக் குறைத்தேன். தண்ணீரும் குடிப்பதில்லை. செங்கமலம் கொண்டுவந்த சோறு அப்படியே இருப்பதைப் பார்த்த சிஸ்டர் வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார்.

“சாப்பிடாம எலும்பு எதை வச்சு ஒட்டும்? உங்களுக்கு வெக்கமா இருந்தா கண்ணை மூடிக்கோங்க, நான் மூடிக்க மாட்டேன்!”

பக்கத்துக் கட்டில்கள் எல்லாம் சிரித்தன. செங்கமலம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். அன்றிலிருந்து சாப்பிட்டேன்.

இப்படி மூன்றாவது வாரம் வந்தது. சிஸ்டர் தங்கை கல்யாணத்துக்காக லீவில் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் கோபாலு எங்கள் தூக்குகிற கூட்டத்தில் இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு ரயிலேறி வந்தான். நெற்றியில் நாமம், கையில் கோயில் புளியோதரைப் பொட்டலம். வந்தவன் உட்காரவில்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான், சூரியன் இருக்கும் பக்கம் பார்த்தான், என் தலையைப் பார்த்தான்.

“இன்னாம்மா செங்கமலம், இவன வடக்க தல வச்சி போட்டுகிறாங்க?”

“இந்த வரிசை பூராவே அப்படித்தாண்ணா கீது.”

“வரிச எப்டினா இருந்துட்டுப் போவட்டும். பொணத்ததான் வடக்க தல வச்சிப் போடுவாங்க. அதான் வலி வுட மாட்டேங்குது!”

அத்தனை நாளும் நான் பயப்படாமல் விட்டுவைத்திருந்த ஒரே விஷயம் திசைதான். “வேணாம் மச்சான், சிஸ்டர் வரட்டும்” என்றேன். வாய் சொன்னதே ஒழிய, அதற்குமேல் எனக்குத் தலையணை நெருப்பாகக் கொதித்தது.

கோபாலு வார்டு ஆளை ஓரமாகக் கூப்பிட்டு டீக்குக் காசு கொடுத்தான். “திருப்பிக்கோ நைனா. யாருனா கேட்டா டாக்டர் சொன்னாருன்னு சொல்லிடறேன்” என்றான் அவன்.

வேறு எந்தக் குடும்பமாக இருந்தாலும் இது நடந்திருக்காது. கால்மாட்டில் எடை தொங்குகிற, ஆள் படுத்திருக்கிற இரும்புக் கட்டிலை அலுங்காமல் தூக்கித் திருப்ப யாரால் முடியும்? எங்களவர்களால் முடியும். தூக்குவது எங்கள் தொழில். ஆளுக்கொரு மூலை பிடித்தார்கள். மூச்சு விட்டு, மூச்சு பிடித்து, “கோவிந்தா” என்று ஒரே குரலில் சொல்லித் தூக்கினார்கள். வார்டு ஆள் எடையைக் கையில் ஏந்திக்கொண்டு கூடவே நடந்தான். ஒரு குலுக்கல் இல்லை. வாகனத்தில் பெருமாள் எப்படிப் போவார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பக்கத்துக் கட்டில்காரர் ஒருவர் படுத்தபடியே கை கூப்பினார்.

இப்போது என் தலை நடைபாதைப் பக்கம், கால் ஜன்னல் சுவர்ப் பக்கம். கட்டைகளை மறுபடி கால்மாட்டில் சொருகினார்கள். வார்டு ஆள் எடையைக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விட்டான். ஜன்னலுக்குக் கீழே ஒரு சிமெண்டுத் திட்டு இருந்தது. எடை அதன்மேல் போய் உட்கார்ந்தது. இதை அப்போது யாரும் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் ஒன்று தெரிந்தது. இருபது நாளாகக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று விட்டுவிட்டது.

“அப்பாடா” என்றேன்.

“பாத்தியா! பாத்தியா!” என்று கோபாலு குதித்தான். “தலைய மாத்தனதும் வலி ஓடிச்சி பாத்தியா! படிச்சவன் ஊரு பூரா கீறான், ஒருத்தனுக்குத் தெரில!” செங்கமலம் அழுதுவிட்டாள். புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து வார்டு ஆளுக்கும் கொடுத்தார்கள்.

ஒரு நாள், இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். அதற்குமேல் என்னால் முடியாது, என் சுபாவம் அப்படி. வலித்தால் ஏன் வலிக்கிறது என்று பயப்படுகிறவன், வலிக்காவிட்டால் ஏன் வலிக்கவில்லை என்று பயப்பட்டேன். கழுத்தைத் தூக்கிக் காலைப் பார்த்தேன். கம்பியிலிருந்து கப்பிக்குப் போகும் கயிறு முன்பெல்லாம் முறுக்கேறி நேர்க்கோடாக நிற்கும். இப்போது நடுவில் துணி காயப்போட்ட கொடி போலத் தொய்ந்து கிடந்தது.

வெள்ளை உடுப்புப் போட்ட பயிற்சிப் பெண் ஒன்று டெம்பரேச்சர் பார்க்க வந்தது.

“ஏம்மா, கயிறு தொய்ஞ்சிகினு கீது பாருங்க.”

“வலிக்குதா?”

“இல்லம்மா.”

“வலி இல்லன்னா நல்லதுதானே? வாயைத் திறங்க.”

வாயில் கண்ணாடிக் குழலை வைத்துவிட்டது. அதற்குமேல் நான் எப்படிப் பேசுவது?

டாக்டர் மாணவர்கள் புடைசூழ வந்தார். கட்டில் திரும்பிக் கிடப்பதை அவர் பார்த்தாரோ, பார்த்தும் யாரோ சொல்லித்தான் செய்திருப்பார்கள் என்று விட்டாரோ, எனக்குத் தெரியாது. “வலி எப்படி?” என்றார்.

“வலி இல்லீங்க, ஆனா இந்தக் கயிறு...”

“குட்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். ‘ஆனா’ என்று ஒருவன் சொல்லும்போது நிற்பதற்குக் காலேஜில் சொல்லித்தர மாட்டார்களா?

கோபாலுவிடம் சொன்னேன். “இன்னா மாப்ள, வலிச்சாலும் பயம், வலிக்கலன்னாலும் பயமா? பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ. தெருவுல கேட்டா சிரிப்பாங்க” என்றான். தெருவில் போய்ச் சொல்லவும் செய்தான், சிரிக்கவும் செய்தார்கள்.

செங்கமலம் மட்டும்தான் கயிற்றை உற்றுப் பார்த்தாள். கப்பியின் பக்கம் கையைக் கொண்டுபோனாள். “ஆஸ்பத்திரி சாமான்ல கை வெக்காதம்மா!” என்று வார்டு ஆள் அதட்டினான். கட்டிலையே தூக்கித் திருப்பவிட்டவன் சொன்ன சட்டம் இது. அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

ஒரு வாரத்துக்கு மேல் அப்படியே கிடந்தேன். எடை திட்டில் உட்கார்ந்திருந்தது. உள்ளே என் எலும்பு முனைகள் மெதுவாக ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன.

ஸ்டெல்லா சிஸ்டர் லீவு முடிந்து காலையில் வார்டுக்குள் வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். கல்யாணத்துக்குப் போட்ட மருதாணி விரலில் இன்னும் சிவப்பாக இருந்தது. நேராக என் கட்டிலுக்கு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைக் கிள்ளவில்லை. கால்மாட்டுக்குப் போய்க் குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

“யார் இந்தக் கட்டிலைத் திருப்பினது?”

வார்டு ஆளைக் காணோம். செங்கமலம் நடந்ததைச் சொன்னாள். சிஸ்டர் நாலு பேரைக் கூப்பிட்டுக் கட்டிலைச் சுவரைவிட்டுத் தள்ளி இழுக்கச் சொன்னார். எடையை இரண்டு கையாலும் ஏந்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் கையைத் தளர்த்தினார். கயிறு விறைத்தது. வலி பழைய இடத்துக்குத் திரும்பி வந்தது. நான் கத்தினேன்.

“கத்துங்க” என்றார் சிஸ்டர். “இழுக்கத்தான் போட்டிருக்கு. இழுக்காட்டி அது வெறும் இரும்பு.”

சாயந்திரம் டாக்டர் எக்ஸ்ரே படத்தோடு வந்தார். இடுப்பெலும்பு முனையிலிருந்து கணுக்கால் வரை டேப் வைத்து இரண்டு காலையும் அளந்தார். வலது கால் குறைந்திருந்தது. கோபாலுவும் அப்போது பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.

“யாரைக் கேட்டுத் திருப்பினீங்க?”

“வடக்க தல வச்சிப் போட்டீங்களே, நீங்க யார கேட்டீங்க?” என்றான் கோபாலு. பயம் என்பது அவன் குடும்பத்திலேயே கிடையாது.

“இந்த வரிசை முழுக்க வடக்கேதான்யா தலை! எத்தனை பேர் நடந்து வீட்டுக்குப் போயிருக்காங்க தெரியுமா?”

“எத்தினி பேரு போவலன்னும் சொல்லுங்க சார்.”

டாக்டர் படத்தை என் கட்டிலின்மேல் வீசாத குறையாக வைத்துவிட்டுப் போனார். இரண்டு பேரும் என் காலைப் பற்றித்தான் சண்டை போட்டார்கள். கால் என்னுடையது என்பதை இருவருமே மறந்துபோனார்கள்.

அவர்கள் போனபிறகு செங்கமலம் சிஸ்டரிடம் பேசினாள். நாலு பேர் முன்னால் அவள் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.

“ஏம்மா, இந்தக் கல்லு தொங்கினாதான் எலும்பு கூடும்னு ஒரு வார்த்த எங்களுக்கு சொல்லியிருக்கக் கூடாதா?”

“வார்டு முழுக்க நான் ஒருத்தி. அத்தனை பேர் வீட்டாருக்கும் எப்படிம்மா சொல்றது?”

“அத்தினி பேருக்கும் வேணாம்மா. தெனமும் பக்கத்துல குந்திக்கினு இருந்தவ நானு. எனக்கு சொல்லியிருந்தா போதுமே. நான் சும்மாதானே இருந்தேன்? கையி சும்மா, கண்ணு சும்மா.”

சிஸ்டர் செங்கமலத்தின் கையைப் பிடித்து விறைத்திருந்த கயிற்றின்மேல் வைத்தார்.

“இதுதான் சரி. நல்லா தெரிஞ்சுக்கோ. கயிறு இப்படி இருக்கணும். எடை எதிலயும் படாம அந்தரத்துல தொங்கணும். தரை, சுவர், கட்டில், போர்வை, எதுலயும் படக்கூடாது. யார் தொட்டாலும் கத்து. நானே தொட்டாலும் ஏன்னு கேளு.”

அன்றிலிருந்து அவள் எழும்போதும் உட்காரும்போதும் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். தட்டுக் கழுவப் போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை. கால்மாட்டில் குனிந்தாள். அந்தப் பயிற்சிப் பெண் டிரேயை மறந்துபோய் எடைக்குக் கீழே வைத்தபோது, “எடுடி அத!” என்று அவள் போட்ட சத்தத்தில் அடுத்த வார்டிலிருந்து ஆள் வந்தது. முதுகு தேய்க்கவும் கற்றுக்கொண்டாள். வீட்டில் சுள்ளி ஒடிக்கிற அந்தக் கை அவ்வளவு மெதுவாக இருக்கும் என்று எனக்கு முன்பு தெரியாது.

எடையைக் கூட்டிப் போட்டார்கள். எலும்பு இளசாகத்தான் ஒட்ட ஆரம்பித்திருந்ததால் கொஞ்சம் இழுபட்டது. முழுசாக இல்லை. ஏறின கொஞ்சம் ஏறினதாகவே நின்றுவிட்டது. மார்கழி முடிந்து மாவுக்கட்டுப் போட்டார்கள், மாசியில் கட்டைப் பிரித்தார்கள். கோல் ஊன்றி நின்றபோது பூமி ஒரு பக்கம் சரிந்திருக்கிற மாதிரி இருந்தது. ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு.

“பரவாயில்லையே” என்றார் டாக்டர். “வலது செருப்பில் உசத்தி வச்சுத் தச்சுக்கோங்க. நடக்கிறதுக்கு ஒரு குறையும் இருக்காது.”

நல்ல யோசனைதான். பெருமாள் தண்டுக்குக் கீழே செருப்புப் போட முடியாது என்று அவருக்கு யார் சொல்வார்கள்? நான் சொல்ல வாயெடுத்தேன். ‘ஆனா’ என்று தொடங்கினேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

சித்திரை உற்சவத்துக்குக் கொடியேறுவதற்கு முன்னால் வெறும் தண்டில் மணல் மூட்டை கட்டி நடந்து பார்ப்போம். எங்கள் கூட்டத்துக்குத் தலைவர் நாராயணண்ணன். அவர் என்னைப் பார்த்து, “நில்லு வரதா, பாக்கலாம்” என்றார். பழைய இடத்தில் நின்றேன். ஜோடியாகக் கோபாலு. தோளில் துணியை மடித்து மடித்து வைத்து உயரத்தைச் சரிக்கட்டினேன். நிற்கும்வரை சரியாகத்தான் இருந்தது. நடக்க ஆரம்பித்ததும் ஒவ்வொரு அடிக்கும் தண்டு என் பக்கம் இறங்கியது, ஏறியது. தொட்டிலாட்டம் ஆடியது.

“மாப்ள, எங்கழுத்துல ஏறுதுய்யா” என்று கோபாலு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

“தெரியும்” என்றேன்.

நாராயணண்ணன் கையைக் காட்டினார். நின்றோம். அவர் நல்ல மனிதர், என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். “ஒண்ணும் நெனச்சிக்காத வரதா. இந்த வருசம் நீ கோலு புடிச்சிக்க.”

கோல் என்றால் கவைக் கோல். வீதியில் சாமி நிற்கும்போது தோளுக்கு ஓய்வு கொடுக்கத் தண்டுக்கு அடியில் முட்டுக் கொடுப்பது. தள்ளாதவர்களும் தோள் முற்றாத பையன்களும் பார்க்கிற வேலை.

வீடு திரும்பும் வழியில் கோபாலு பக்கத்தில் வந்தான். அவன் நடைக்கு நான் ஈடுகொடுக்க முடியவில்லை. அவன் வேகத்தைக் குறைத்துக்கொண்டதே எனக்கு எரிச்சலாக இருந்தது.

“வுடு மாப்ள. வடக்க தல வச்சி கெடந்திருந்தா உசுரே பூட்டிருக்கும். ஒரு இன்ச்சோட பெருமாளு வுட்டாரேன்னு சந்தோசப்படு.”

நடுத்தெருவில் நின்றேன்.

“அப்போ உன் காலுல ஒரு இன்ச்சு குடு மச்சான். ரெண்டு பேரும் திரும்ப ஜோடியாவலாம்.”

அவன் சிரிக்கப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. வீடு வரைக்கும் அவன் வேகத்தைக் கூட்டவே இல்லை.

உற்சவம் வந்தது. என் இடத்தில் மீஞ்சூரிலிருந்து கொண்டுவந்த ஒரு பையன் நின்றான், கோபாலுவுக்கு உயரம் சரியாக இருந்தான். நான் கோலைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நொண்டிக்கொண்டு போனேன். முதல் மண்டகப்படியில் மணி அடித்தது, சாமி நின்றது. நான் உள்ளே நுழைந்து கோபாலு பக்கத்துத் தண்டுக்குக் கீழே கோலின் கவையைக் கொடுத்தேன். பாரம் முழுவதும் கோல் வழியாக மண்ணில் இறங்கியது. கோபாலு கண்ணை மூடிக் கழுத்தை நிமிர்த்தினான்.

“அப்பாடா” என்றான்.

கட்டிலைத் திருப்பினபோது நான் சொன்ன அதே அப்பாடா. குரல்கூட அதே மாதிரி இருந்தது. கூட்டம் எல்லாம் கற்பூரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. நான் கும்பிடவில்லை. குனிந்து கோலின் அடியைப் பார்த்தேன். கோல் நிற்கிற மண் கெட்டியாக இருக்கிறதா, சறுக்குமா என்று காலால் தட்டிப் பார்த்தேன். ஒருத்தன் அப்பாடா என்றால், அவன்மேல் இருந்த பாரம் எங்கே போய் உட்கார்ந்தது என்று பார்க்க வேண்டும். வேறு வைத்தியம் ஒன்றும் எனக்குத் தெரியாது.

அன்றைக்கு என் கட்டிலைச் சுற்றி அத்தனை பேர் நின்றார்கள். அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். ஒருத்தராவது குனிந்திருக்கலாம்.